"யாருகிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்று ஒரு குழந்தை கேட்டால்...

மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் இடைநிலை ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நான்காம், ஐந்தாம் வகுப்புகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. நவம்பர் 20 உலகக் குழந்தைகள் தினத்தை ஒட்டி, குழந்தைகளின் உரிமைகளைப் பற்றி சார்ட் ஒட்டிப் பாடம் நடத்தியிருக்கிறார். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார். அன்று சாயங்காலமே ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டில், "இனிமே அடிச்சா 1098-க்குப் போன் போடுவேன்" என்று சொல்லிவிட்டான். மறுநாள் காலை அவனுடைய அப்பா கடலிலிருந்து திரும்பிய கையோடு பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார். அடுத்து நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதே பேச்சுதான். "உரிமையைச் சொல்லிக் குடுக்குறீங்க, கடமையை யாரு சொல்லிக் குடுக்குறது?" என்று கேட்டிருக்கிறார்கள். "இதோட விட்டுடுங்கம்மா" என்று தலைமை ஆசிரியரும் சொல்லிவிட்டார்.

கடிதத்தின் இரண்டாம் பகுதிதான் கனமானது. அதே வாரத்தில், கரும்பலகை துடைக்கும் சாக்கில் ஒரு நான்காம் வகுப்புச் சிறுமி வகுப்பில் தங்கியிருக்கிறாள். அம்மா கடற்பாசி எடுக்கப் போகும் நாட்களில் உறவினர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார், மடியில் உட்கார வைத்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று மிட்டாய் வாங்கித் தருகிறார், அந்த நாட்களில் வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்" என்று கேட்க, ஆசிரியையும் சத்தியம் செய்துவிட்டார். இப்போது தூக்கம் வரவில்லை என்கிறார். ஆதாரம் இல்லாமல் புகார் செய்யலாமா, அது வெறும் பாசமாக இருந்துவிட்டால் என் வேலைக்கு ஆபத்தா, அந்தக் குடும்பத்தின் மானம் என்ன ஆகும், பிள்ளையை ஹோமில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களா, இந்தப் பாடத்தையே நிறுத்திவிடலாமா என்று வரிசையாகக் கேட்கிறார்.

(அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதம் கிடைத்த அன்றே ஆசிரியையிடம் போனில் பேசினேன். தகவல் சொல்லும் கடமை, கடிதத்தைப் படித்த எனக்கும் சட்டப்படி உண்டு. சிறுமி பற்றிய தகவல் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே இதை எழுதுகிறேன். இதே தவிப்போடு இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படட்டும்.)

டீச்சர், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நடத்திய பாடம் வீண் போகவில்லை. அந்தச் சிறுமி எத்தனை நாளாக இதை மனதில் வைத்திருந்தாளோ தெரியாது. நீங்கள் பாடம் நடத்திய வாரத்தில்தான் வாய் திறந்திருக்கிறாள். ஆனால், "யாராவது தொந்தரவு செய்தால் சொல்லு" என்று பிள்ளைகளிடம் சொல்வது பாதிப் பாடம்தான். சொன்ன பிறகு பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்பது மீதிப் பாதி. பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால், கேட்பதற்கு நாம் தயாராக இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அந்தத் தயாரிப்பு இல்லை. அது உங்கள் தனிப்பட்ட குறை இல்லை. சார்ட்டையும் அட்டையையும் கொடுக்கிறவர்கள் இதை யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. அதன் 19-வது பிரிவு, குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் மட்டும் தகவல் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே எவரும் காவல் துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சந்தேகத்துக்கு உள்ளானவர் பள்ளியிலேயே வேலை செய்பவராக இருந்து, பொறுப்பில் இருப்பவர் அதை மூடி மறைத்தால், அவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை. "இதோட விட்டுடுங்க" என்ற தலைமை ஆசிரியரின் வார்த்தை, பாடத்தைப் பற்றிய பேச்சாக இருக்கட்டும். ஒரு குழந்தை சொன்ன விஷயத்தில் அந்த வார்த்தைக்கு மதிப்பே கிடையாது.

பாசமா, குற்றமா என்பதை விசாரிக்கப் பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் எனக்கு உறுத்துகின்றன. பிள்ளைக்குப் பிடிக்காதபோதும் விடவில்லை. அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்கிறார். அதற்கு மிட்டாய் கொடுக்கிறார். பாசமாக இருக்கும் எந்த மாமாவும் சித்தப்பாவும் அதை அம்மாவிடமிருந்து மறைக்கச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் வேலையைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது என்று அதே 19-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அவதூறு செய்யவோ, மிரட்டவோ, பணம் பறிக்கவோ, அவமானப்படுத்தவோ வேண்டுமென்றே கொடுத்த புகாருக்கு மட்டும்தான். குழந்தை சொன்னதை உள்ளபடி எடுத்துச் சொன்ன ஆசிரியைக்கு அது பொருந்தாது.

அடுத்தது ஊர் பேச்சு. கடற்கரை ஊர்களில் வீடுகள் நெருக்கமாக இருக்கும். வாசலில் ஜீப் வந்து நின்றால் அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற உங்கள் பயம் நியாயமானது. இதற்கும் சட்டத்தில் வழி உண்டு. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ, அவள் விரும்பும் வேறு இடத்திலோ வாங்கலாம். முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும். சிறுமியை மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனால் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இவையெல்லாம் சலுகை இல்லை, சட்டம். தகவல் கொடுக்கும்போதே, "வீட்டுக்கு வராதீர்கள், வேறு இடம் வைத்துக்கொள்ளலாம்" என்று கேளுங்கள். பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் சாப்பாட்டு வேளைப் பேச்சிலும் இந்த விஷயம் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

1098-க்குப் பேசுவது நல்லதுதான். இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், துணைக்கு ஆளும் கிடைக்கும். ஆனால் சட்டம் குறிப்பிடுவது காவல் துறையை. ஆகவே 1098-இல் சொன்னதோடு நிற்காமல், அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத் தகவல் போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கிருந்து 24 மணி நேரத்துக்குள், குழந்தையின் பாதுகாப்பைப் பற்றி முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஹோமைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. அம்மா பிள்ளையின் பக்கம் நின்றால், பிள்ளை அம்மாவோடு இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

செய்துகொடுத்த சத்தியம்

இதை மீறத்தான் வேண்டும். ஆனால் அவளுக்குத் தெரியாமல் மீறாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, ஆனால் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், வராந்தா ஓரத்தில் உட்கார வைத்து இப்படிச் சொல்லலாம்: "நீ சொன்னதை நான் நம்புறேன். உன் மேல எந்தத் தப்பும் இல்லை. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல, அந்த வாக்கை என்னால காப்பாத்த முடியாது. நீ பத்திரமா இருக்கணும்னா உதவி செய்றவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். யாருகிட்ட சொல்லப் போறேன்னு உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்."

அவள் கோபப்படலாம், அழலாம், "நான் சும்மா சொன்னேன் டீச்சர்" என்று பின்வாங்கவும் செய்யலாம். பின்வாங்கினால் அது பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்த பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். தலைமை ஆசிரியர் ஒரு தடவை, பக்கத்து வகுப்பு டீச்சர் ஒரு தடவை என்று ஆளாளுக்குக் கேட்டால், பிள்ளையும் குழம்பிவிடும், நாளைக்கு வழக்கும் பலவீனமாகிவிடும். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த உறவினரைக் கூப்பிட்டு மிரட்டவோ எச்சரிக்கவோ வேண்டாம். அதனால் பிள்ளைக்குத்தான் ஆபத்து. அம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை உங்களோடு வரும் குழந்தைப் பாதுகாப்பு அலுவலரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

இனி ஒரு பிள்ளை ரகசியம் சொல்ல வந்தால், முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "உனக்கு ஆபத்து இல்லாத ரகசியம்னா என்கிட்டயே இருக்கும். உனக்கு ஆபத்து இருந்தா உதவிக்கு ஆள் கூப்பிடுவேன்." இதைக் கேட்ட பிறகும் பெரும்பாலான பிள்ளைகள் பேசுவார்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரியையும் கவனித்தேன். "சுற்றுலா வருகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ராமேசுவரத்துக்கு வந்து போகும் கூட்டத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரங்களைப் பாருங்கள். போக்சோ வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். வெளியாட்களை மட்டும் பூச்சாண்டியாகக் காட்டினால், தெரிந்த மாமா செய்வதைச் சொல்லப் பிள்ளைக்கு வார்த்தையே இருக்காது. இந்தப் பாடம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

அந்த அப்பாவின் கோபம்

அவரைப் பள்ளிக்கு வரவழைக்க வேண்டாம். படகு கரையேறி, வலை உலர்த்தும் நேரத்தில் நீங்களே போய்ப் பேசிப் பாருங்கள். இரவெல்லாம் கடலில் கிடந்து வந்தவருக்கு, மகன் தன்னைப் போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்று சொன்னதாகத்தான் காதில் விழுந்திருக்கிறது. 1098 என்ன செய்யும் என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை. காணாமல் போன பிள்ளைக்கும், சிகிச்சைக்கு வழியில்லாத பிள்ளைக்கும், வளர்க்க முடியாமல் தவிக்கும் பெற்றோருக்கும்கூட அந்த எண் உண்டு என்று சொல்லுங்கள். ஓர் அறை விட்டதற்காக யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். அதே சமயம், காயம்படும்படி அடிப்பதும் கொடுமைப்படுத்துவதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவில் குற்றம், மூன்றாண்டு வரை சிறை உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம்.

குழந்தைகளின் உரிமை என்றால் பெற்றோருக்கு எதிரானது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை ஒப்பந்தத்தை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. அதன் 18-வது பிரிவு, பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு பெற்றோருடையது, அதற்கு அரசு அவர்களுக்கு உதவ வேண்டும் என்கிறது. மேலாண்மைக் குழுவில் இதை வாசித்துக் காட்டுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதே கல்வி உரிமைச் சட்டம்.

"கடமையை யாரு சொல்லிக் குடுக்குறது?" என்ற கேள்விக்குப் பதில் உங்கள் பள்ளியிலேயே காலையில் பரிமாறப்படுகிறது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கிறது. தட்டில் உப்புமா வைப்பதற்கு முன் வீட்டுப்பாடம் எழுதினாயா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. வீட்டுப்பாடம் எழுதச் சொல்லுங்கள், தட்டைக் கழுவச் சொல்லுங்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், எல்லாம் நல்லதுதான். அதைச் செய்தால்தான் உரிமை என்று மட்டும் பேரம் பேச வேண்டாம்.

இதே இடத்தில் உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மேசையில் பிரம்பு வைத்திருப்பேன், அடிப்பதில்லை, ஒரு பயத்துக்காகத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடியை மட்டுமின்றி மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். பிரம்பு இருக்கும் மேசையைத் தாண்டி வந்து அந்தச் சிறுமி உங்களிடம் பேசியிருக்கிறாள். இன்னும் எத்தனை பேர் அதைத் தாண்ட முடியாமல் இருக்கிறார்களோ. அடுத்த வகுப்புக்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.

பாசி நாட்களும் ஏலக்கூட வேலையும்

பாசி எடுக்கும் நாட்களில் சில பிள்ளைகள் வருவதில்லை, விடியற்காலையில் மீன் தரம் பிரித்துவிட்டு வந்து வகுப்பில் தூங்கிவிழுகிறார்கள், ஆனால் குடும்ப வேலையைச் சட்டம் அனுமதிக்கிறதே என்கிறீர்கள். பாதிதான் சரி. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை தன் குடும்பத்துக்கு உதவலாம் என்கிறது. ஆனால் ஆபத்தில்லாத வேலையாக இருக்க வேண்டும். பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோதான் செய்யலாம். இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கூடாது என்று விதியே இருக்கிறது. அடுத்தவர் ஏலக்கூடத்தில் கூலிக்கு மீன் பிரிப்பது குடும்ப வேலையே ஆகாது. ஆனாலும் மரிக்கொழுந்துப் பாசிக்காக முங்கி எழுந்து, கை விரலெல்லாம் பாறையில் கிழித்துக்கொண்டு வரும் அம்மாவிடம் சட்டப் பிரிவைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். சின்னப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது என்பது அவருடைய பிரச்சினை. அங்கன்வாடியிலும் மகளிர் குழுவிலும் பேசி அதற்கு வழி தேடினால், மூத்த பிள்ளை பள்ளிக்கு வந்துவிடும். அந்தச் சிறுமி தனியாக இருக்கும் மணி நேரங்களுக்கும் இதுதான் தீர்வு.

இனி வகுப்பில்

பாடத்தை நிறுத்த வேண்டாம். சார்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள். சார்ட்டில் இருக்கும் தலைப்புகளை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் உள்ள வழியைப் படம் வரையச் சொல்லுங்கள். பிடித்த இடத்துக்கு ஒரு நிறம், பயப்படும் இடத்துக்கு ஒரு நிறம். தொண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் இதைப் பார்த்தேன். நாய், ஐஸ் லாரி, கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதை என்று வரைந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளிக் கழிப்பறையை வரைந்து கதவு முழுக்கக் கறுப்பாகப் பூசியிருந்தாள். தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைக் காலால் மிதித்துப் பிடிக்க வேண்டும். அதனால் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார்கள், அந்த வெயிலில். படத்தை மேலாண்மைக் குழுவில் காட்டினார்கள். படகு வேலை செய்யும் ஓர் அப்பா மறுநாளே தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்தார். பிள்ளை சொன்னதைப் பெரியவர்கள் கேட்டார்கள், நடந்தது என்பதை வகுப்பே பார்த்தது. ஒப்பந்தத்தின் 12-வது பிரிவு, குழந்தையின் கருத்தைக் கேட்டு மதிக்க வேண்டும் என்று சொல்வது இதைத்தான்.

அப்புறம், கையைத் தாளில் வைத்து வரைந்து, ஒவ்வொரு விரலிலும் "கஷ்டம் வந்தால் இவரிடம் சொல்வேன்" என்று ஒரு பெரியவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். தாள்களைச் சுவரில் ஒட்டாதீர்கள். நீங்கள் மட்டும் பாருங்கள். ஐந்து விரலில் ஒன்றுகூட நிரம்பாத பிள்ளையிடம்தான் அந்த வாரம் நீங்கள் அதிகம் பேச வேண்டும்.

அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். "நாளைக்கே வந்துடுவாரு" என்று ஆறுதலுக்காகச் சொல்ல வேண்டாம். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கைதானதால் பிரிந்திருக்கும் தந்தை எங்கே இருக்கிறார் என்ற தகவலைக் குடும்பம் கேட்டால் சொல்ல வேண்டும் என்று, இந்தியாவும் இலங்கையும் ஏற்ற அதே ஒப்பந்தத்தின் 9-வது பிரிவு சொல்கிறது. மீன்வளத் துறையிலிருந்தோ சங்கத்திலிருந்தோ வரும் தகவலை அம்மா பிள்ளையிடம் பகிர்ந்துகொள்ளும்படி நீங்கள் எடுத்துச் சொல்லலாம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தையும் கவனியுங்கள். ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகில் கூலிக்குப் போகிற வீடுகளில் அப்போதுதான் கையில் காசு இருக்காது. நோட்டு வாங்கவில்லை என்று அந்த நாட்களில் எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிற்க வைக்காதீர்கள்.

தலைமை ஆசிரியரிடம் சண்டை வேண்டாம். உரிமைகளைப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தெரியப்படுத்துவது அரசின் கடமை என்று ஒப்பந்தத்தின் 42-வது பிரிவு சொல்வதைக் காட்டுங்கள். பள்ளியில் எந்தக் குழந்தை எதைச் சொன்னாலும் யாரிடம் தெரிவிப்பது, யார் காவல் நிலையத்துக்குப் பேசுவது, யார் பிள்ளையோடு இருப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடப் பள்ளியில் இருக்கும் "மாணவர் மனசு" பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, வாரம் ஒருமுறையாவது திறக்கிறார்களா என்றும் பாருங்கள். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரைந்து போடலாம் என்று சொல்லி வையுங்கள். அதற்குப் பிறகும் பாடத்தை நிறுத்தச் சொன்னால், அந்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். சிறுமியின் விஷயத்தில் ஒரு வாரத்துக்குள் யாரும் வந்து பார்க்கவில்லை என்றால் ராமநாதபுரத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழுவுக்கு நேரில் போய் மனு கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள், நகலை எனக்கு அனுப்புங்கள்.